ஒரு சொல்லும் இரு சமயமும்

சமயங்களை ஒப்பிட்டு எழுதுவோர் பலரும் பட்டியலை நாடுவர். இடப்பக்கம் ஒரு சமயம், வலப்பக்கம் மற்றொன்று; கடவுள், மறைநூல், குரு, சடங்கு, மறுமை எனத் தலைப்புகள்; ஒவ்வொன்றின் கீழும் ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் குறிப்பு. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு இம்முறை எளிது. ஆயினும் கத்தோலிக்கத்தையும் மார்மன் சமயத்தையும் இவ்வாறு ஒப்பிடப் புகுவோர் விரைவிலேயே இடர்ப்படுவர். பட்டியலின் பெரும்பகுதியில் இரு பக்கமும் ‘உண்டு’ என்றே எழுத நேரும். திருமுழுக்கு இரண்டிலும் உண்டு. அப்பத்தைப் பகிர்தல் இரண்டிலும் உண்டு. திருத்தூதர், ஆயர், குருத்துவம், புனிதர் என்னும் சொற்களும் இரண்டிலும் வழங்குகின்றன. இத்துணை ஒற்றுமை உடைய இரு சபைகள் ஒன்றன் திருமுழுக்கை மற்றொன்று ஏற்பதில்லை. பட்டியல் விளக்காத இந்த முரணே ஆராயத்தக்கது.

கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றித் தமிழ் மாணவர்க்கு நெடிய அறிமுகம் வேண்டுவதில்லை. மார்மன் சமயம் சிறிது விளக்கத்தை வேண்டுவது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உழவர் குடும்பமொன்றில் வளர்ந்த ஜோசப் ஸ்மித் (1805–1844), எச்சபையில் சேர்வது எனத் தெளியாது 1820இல் கடவுளை வேண்டியபோது, தந்தையும் மகனும் தமக்குத் தோன்றி எச்சபையிலும் சேர வேண்டா எனப் பணித்ததாக உரைத்தார். பின்னர், மொரோனி என்னும் தேவதூதர் காட்டிய பொற்றகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகக் கூறி, மார்மன் நூலை 1830இல் பால்மைரா என்னும் ஊரில் அச்சிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சபை நிறுவப்பெற்றது. 1844இல் இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் இருந்த அவரைக் கும்பலொன்று சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கு நோக்கிப் பெயர்ந்த மக்கள் 1847இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்து, அங்கே நகரமொன்றை அமைத்தனர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அச்சபையின் முழுப்பெயர். ‘மார்மன்’ என்னும் அழைப்பைத் தவிர்க்குமாறு அதன் தலைமை 2018 முதல் வேண்டி வருகிறது. எனினும் வேறொரு சுருக்கப்பெயர் மக்கள் வழக்கில் ஊன்றாமையின் ஈண்டும் அப்பெயரே ஆளப்படுகிறது. இன்று அச்சபையினர் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர். கத்தோலிக்கரோ ஏறத்தாழ நூற்று நாற்பது கோடியினர்.

தமிழாசிரியர்க்கு ‘பலபொருள் ஒருசொல்’ புதியதன்று. மா என்பது மரமோ விலங்கோ என்பதை அச்சொல் நின்ற இடமே காட்டும். இரு சமயங்களின் பொதுச்சொற்களும் இத்தகையனவே. ஆயர் என்னும் சொல்லைக் காண்க. கத்தோலிக்கத்தில் ஆயர் என்பவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்று, மணவாழ்வு துறந்து, ஒரு மறைமாவட்டத்தை ஆள்பவர். அவர் பெற்ற திருநிலை வாழ்நாள் முழுதும் நீங்காதது. மார்மன் சபையில் அப்பதவியை ஏற்பவர் ஒரு மருத்துவராகவோ வணிகராகவோ இருக்கலாம். அவர் மணமானவர்; ஊதியம் பெறாதவர்; தம் பகுதியின் சில நூறு பேரை ஏறத்தாழ ஐந்தாண்டு மேய்த்துவிட்டுப் பழைய இருக்கைக்குத் திரும்புபவர். புனிதர் என்பார் கத்தோலிக்கத்தில் மறைவுக்குப் பின் திருச்சபை ஆராய்ந்து அறிவித்தோர். மார்மன் சபையிலோ உறுப்பினர் அனைவருமே புனிதர். அச்சபையின் பெயரே அதற்குச் சான்று. தமிழாக்கத்திலும் இவ்விடர் தொடர்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்க்கு ஆலயம் என்பது ஞாயிறுதோறும் எவரும் நுழையத்தக்க வழிபாட்டிடம். மார்மன் சபையின் தமிழ் வெளியீடுகளில் ஆலயம் என்பது, வாரந்தோறும் கூடும் இடத்தினின்றும் வேறாய், தகுதிச்சான்று பெற்ற உறுப்பினர் மட்டுமே புகத்தக்க, ஞாயிறன்று மூடப்பெற்றிருக்கும் கட்டடம். மொழிபெயர்த்தோர் பிழை செய்தாரல்லர். வேறு சொல் கிடைப்பதும் எளிதன்று. கற்போர்தாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இச்சொற்சிக்கல் வெறும் அகராதிச் சிக்கலாக நின்றுவிடவில்லை என்பதை 2001ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று காட்டும். மார்மன் சபையில் அளிக்கப்படும் திருமுழுக்குச் செல்லுமா என்னும் வினா வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் முன் வைக்கப்பெற்றது. 2001 ஜூன் 5ஆம் நாளிட்ட விடை ஒற்றைச் சொல்லில் அமைந்தது: செல்லாது. அப்போது அப்பேராயத்தின் தலைவராக இருந்தவர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆகிய கர்தினால் இராட்சிங்கர். இத்தீர்ப்பின் கடுமையை உணர, கத்தோலிக்கத்தின் பழைய வழக்கம் ஒன்றை அறிதல் வேண்டும். பிரிந்து சென்ற சபைகளின் திருமுழுக்கையும் அத்திருச்சபை பொதுவாக ஏற்றே வந்துள்ளது. தண்ணீர் இருந்து, மூவொரு கடவுளின் பெயர் சொல்லப்பட்டு, திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தும் இருந்தால், அளித்தவர் தவறான கொள்கையினராயினும் திருமுழுக்குச் செல்லும் என்பது அதன் நிலை. உயிருக்கு ஆபத்து நேர்கையில் கிறித்தவர் அல்லாதாரும் அதனை அளிக்கலாம். இவ்வளவு அகன்ற வாயில் மார்மன் சபைக்கு ஏன் அடைக்கப்பட்டது?

நீரில் குறையில்லை, மார்மன் சபையினர் முழுவதும் நீரில் அமிழ்த்தியே முழுக்களிப்பர். வாய்மொழியிலும் குறை காண்பது அரிது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூன்று பெயர்களும் அங்கு ஒலிக்கின்றன. குறை பெயர்களின் பொருளில் இருந்தது. கத்தோலிக்கத்தில், 325இல் நைசியாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் உரைத்தவாறு, மூவரும் ஒரே உள்பொருள். மார்மன் கொள்கையிலோ மூவரும் தனித்தனியே நிலவுவோர். நோக்கத்தில் மட்டுமே ஒன்றுபட்டோர். தந்தைக்குத் தசையும் எலும்பும் உடைய உடலுண்டு, மகனுக்கும் அவ்வாறே, தூய ஆவியோ ஆவியுருவினர். 1844 ஏப்ரலில், தாம் கொலையுண்பதற்கு மூன்று திங்களுக்கு முன்னர் நிகழ்த்திய சொற்பொழிவில், கடவுளும் ஒரு காலத்தில் மனிதர் போன்றவராய் இருந்து உயர்ந்தவரே என்று ஸ்மித் கற்பித்தார். இன்மையிலிருந்து உலகைப் படைத்தவர் என்னும் கத்தோலிக்கக் கடவுளுக்கும், முன்னரே உள்ள பொருளை ஒழுங்குபடுத்தி உலகை ஆக்கிய இக்கடவுளுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறியதன்று. தீர்ப்பை விளக்கிய இறையியலார் லூயிஸ் லதாரியா இதனையே சுட்டினார்: ஒலிக்கும் பெயர்கள் ஒன்றாயினும் அழைக்கப்படுபவர் வேறு.

இத்தீர்ப்பில் பொறுமையின்மை காண்போர் உண்டு. ஆயினும் மார்மன் சபையின் நிலை இதனினும் இறுக்கமானது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அச்சபை தொடங்கிய நாள்தொட்டே எந்தப் பிற சபையின் திருமுழுக்கையும் ஏற்றதில்லை. காரணம் மட்டும் வேறு. கத்தோலிக்கம் ‘பொருள் வேறு’ என்கிறது. மார்மன் சபை ‘உரிமை இல்லை’ என்கிறது. முதற்றிருத்தூதர் மறைந்தபின் குருத்துவ உரிமை மண்ணுலகைவிட்டே நீங்கிற்று. சங்கங்கள் கூடியதும் கோட்பாடுகள் வகுத்ததும் அவ்வுரிமை இழந்த கூட்டத்தாரே. அதனை மீட்டளிக்க 1829இல் திருமுழுக்கு யோவானும், பின்னர்ப் பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோரும் விண்ணினின்று வந்து ஸ்மித்தின் தலைமேல் கைவைத்தனர் என்பது அதன் கொள்கை. உரோமையிலும் யூட்டாவிலும் அதிகாரத்தின் வேர் பேதுருவே என்பது நோக்கத்தக்கது. முதலாவதில் அவ்வேரினின்று அறாத கொடி ஒன்று இன்றளவும் படர்கிறது. இரண்டாவதில் கொடி அறுந்து, பல நூற்றாண்டு கழித்து அதே வேர் வேறொரு மண்ணில் மீண்டும் ஊன்றப்பட்டது. கொடி அறவில்லையெனில் ஸ்மித்துக்கு வேலையில்லை. அறுந்ததெனில் திருத்தந்தைக்கு இருக்கையில்லை. இதற்கு நடுவழி காண முயன்றோர் இரு தரப்பையும் நன்கு படித்தவரல்லர்.

இக்கடுமை சில காலம் வசையாகவும் வெளிப்பட்டது. மார்மன் நூலில் வரும் அருவருப்பான பெருஞ்சபை என்பது கத்தோலிக்கத் திருச்சபையே எனப் புரூஸ் மெக்காங்கி என்பார் 1958இல் வெளியிட்ட கோட்பாட்டு நூலில் வெளிப்படையாக எழுதினார். சபைத்தலைமை அதனை விரும்பவில்லை. 1966இல் வந்த இரண்டாம் பதிப்பில் அக்குறிப்பு நீக்கப்பெற்றது. இன்று இருதரப்பாரும் துயர்துடைப்புப் பணியில் கைகோப்பர். 2019 மார்ச்சு 9ஆம் நாள் மார்மன் சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தார். இரு சபைத் தலைவர்கள் சந்தித்தது அதுவே முதன்முறை. மறுநாள் உரோமை மாநகரில் மார்மன் ஆலயம் நேர்ந்தளிக்கப்பெற்றது. அதன் அருகிலுள்ள வருகையாளர் நிலையத்தில், கோபன்ஹேகனில் உள்ள தோர்வால்சன் சிற்பங்களின் படியாகக் கிறிஸ்துவும் பன்னிரு திருத்தூதரும் பளிங்கில் நிற்கின்றனர். அங்குப் பேதுருவின் கையில் திறவுகோல்கள் உள்ளன. பேதுருவின் கல்லறை மேல் எழுந்த பெருங்கோவில் உள்ள நகரிலேயே அச்சிலையை நிறுத்தியது, எவ்வளவு பணிவாகச் செய்யப்பட்டிருப்பினும், ஓர் உரிமைக்கோரலே.

உரிமை எவரிடம் என்னும் வினாவோடு, அவ்வுரிமையுடையார் புதியது உரைக்கலாமா என்னும் வினாவும் பின்னிக் கிடக்கிறது. கிறிஸ்துவோடு பொது வெளிப்பாடு நிறைவுற்றது. உலக முடிவுக்கு முன் புதியதொன்றை எதிர்பார்ப்பதற்கில்லை என்பது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் உரைத்த கத்தோலிக்கக் கொள்கை. அங்ஙனமாயின் மரியாவின் அமல உற்பவம் 1854இலும், விண்ணேற்பு 1950இலும் கோட்பாடுகளாக அறிவிக்கப்பட்டது எவ்வாறு? விதைக்குள் இருந்த மரமே வெளிப்பட்டது என்பது அவர்தம் விடை. அவ்விடைக்கு ஆழ்ந்த அறிவு வடிவம் தந்த நியூமன், தம் கோட்பாட்டு வளர்ச்சி நூலை 1845இல் எழுதினார்; அது ஸ்மித் கொலையுண்டதன் மறு ஆண்டு. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தாரல்லர். ஆயினும், பழைய சமயம் மாறும் காலத்தில் எங்ஙனம் பேசுவது என்னும் ஒரே வினாவை இருவரும் எதிர்கொண்டனர். நியூமன் வளர்ச்சி என்றார். ஸ்மித் புதிய வெளிப்பாடு என்றார்.

இரு விடைக்கும் விலையுண்டு. கத்தோலிக்கம் புதியது எதனை உரைப்பினும் அது பழையதே எனக் காட்டும் கடமையுடையது. அவ்வாறு காட்டும்பொழுது வரலாற்றறிஞர் சிலபோது புருவம் உயர்த்துவர். மார்மன் சபைக்கு அத்தொல்லை இல்லை. புதியது புதியதே எனலாம். ஆனால் முன்னைய இறைவாக்கினர் உரைத்ததற்கு விடை கூறல் வேண்டும். 1852இல் வெளிப்படையாக அறிவிக்கப்பெற்ற பலதார மணம் 1890இல் வில்ஃபர்ட் உட்ரஃப் வெளியிட்ட அறிக்கையால் நிறுத்தப்பெற்றது. கறுப்பின ஆடவர்க்கு மறுக்கப்பட்டிருந்த குருத்துவம் 1978இல் வெளிப்பாடு ஒன்றன் வழியாகத் திறக்கப்பெற்றது. அவ்வாறாயின் நூறாண்டுக்கு மேல் அது மறுக்கப்பட்டது யாருடைய கட்டளையால்? இவ்வினாவுக்கு அச்சபை நேரிய விடையைத் தந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. தடைக்குக் காட்டப்பட்ட பழைய விளக்கங்களைப் பிற்காலத்தில் கைவிட்டுள்ளது. தடை இறைவனுடையதா மனிதருடையதா என்பதில் மட்டும் தயங்கி நிற்கிறது.

2025ஆம் ஆண்டு இரு சபைகளிலும் தலைமை மாறிற்று. ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைய, எண்பது வயதுக்குட்பட்ட கர்தினால்கள் பூட்டிய அறையில் மறைமுக வாக்களித்து மே 8ஆம் நாள் பதினான்காம் லியோவைத் தேர்ந்தனர். தேர்வாகும் வரை எவரும் அறியார். செப்டம்பரில் தம் 101ஆம் அகவையில் நெல்சன் மறைய, திருத்தூதருள் மூத்தவராகிய டாலின் ஓக்ஸ் அக்டோபரில் தலைவரானார். அவர் பெயரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எவரும் சொல்லியிருக்கலாம். புதிய வெளிப்பாட்டுக்கு வாயில் திறந்து வைத்த சபையில் தலைமை வரிசை முற்றும் முன்னறியத்தக்கது; வெளிப்பாடு நிறைவுற்றது என்னும் சபையில் தலைவர் எவர் என்பதே வியப்புக்குரியது.

வழிபாட்டில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது. திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக உட்பொருளில் மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. ஆதலின் எஞ்சியதும் பேழையில் காக்கப்பெற்று, அதன்முன் விளக்கு எரிகிறது. மார்மன் சபையில் வாரந்தோறும் அப்பமும் தண்ணீரும் வழங்கப்பெறும், பெரும்பாலும் பதின்பருவத்து இளைஞரே அவற்றை ஆசீர்வதிப்பர், அது நினைவும் உடன்படிக்கைப் புதுப்பிப்பும் ஆகும், வழிபடுபொருளன்று. மது அங்கு விலக்கு. தேநீரும் காப்பியும் புகையிலையும் விலக்கே. சிலுவையையும் அச்சபையினர் தம் கட்டடங்களில் வைப்பதில்லை.

மணவாழ்வில் வேறுபாடு இன்னும் ஆழமானது. கத்தோலிக்கத் திருமணம் பிரிக்கவொண்ணாதது, ஆயினும் மரணத்தோடு முடிவது. விண்ணகத்தில் எவரும் மணப்பதில்லை என்னும் நற்செய்திக் கருத்தைத் துறவியர் இம்மையிலேயே வாழ்ந்து காட்டுவதாக அத்திருச்சபை கருதும். மார்மன் ஆலயத்திலோ கணவனும் மனைவியும் ஊழிக்கும் இணைத்து முத்திரையிடப்பெறுவர். அவ்விணைப்பின்றி விண்ணகத்தின் உச்சநிலை எவர்க்கும் இல்லை. எனவே ஒரு சமயத்தில் துறவு மணிமுடி; மற்றதில் அது குறைவு. மனைவியை அல்லது கணவனை இழந்தோர் ஒருவர் இவ்விரு கொள்கைகளையும் படிக்கும்பொழுது எது ஆறுதல் தரும் என்பதைக் கோட்பாட்டு நூல்கள் தீர்மானிக்கமாட்டா.

இழப்பைப் பற்றிய பேச்சு வந்தபின் இறந்தோர் பற்றிய கொள்கையைக் காணாது செல்லல் ஆகாது; இரு சமயமும் மிக நெருங்கி வந்து, மிகக் கடுமையாக மோதுவது அவ்விடத்தில்தான். உயிரோடிருப்போர் இறந்தோர்க்கு உதவலாம் என்பதை இரண்டும் ஏற்கின்றன. கத்தோலிக்கர் உத்தரிக்கும் தலத்தில் உள்ளோர்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பர். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவர். அதற்கு மறைநூற் சான்றாக அவர் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூல், மார்மன் சபையார் பயன்படுத்தும் விவிலியப் பதிப்பில் இல்லை. மார்மன் சபையாரோ, கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினைந்தாம் பிரிவில் பவுல் இறந்தோருக்கான முழுக்கைக் குறிப்பிடுவதைச் சான்றாகக் கொள்வர். இறந்தவர் பெயரால் உயிரோடிருப்பவர் ஒருவர் ஆலயத்தில் நீரில் அமிழ்வார். இறந்தவரின் ஆவி அதனை ஏற்கலாம், மறுக்கலாம்.

இக்கொள்கையின் பின்னே ஒரு வீட்டின் துயரம் உண்டு. ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் 1823இல் திருமுழுக்குப் பெறாமலே இறந்தான். பதின்மூன்று ஆண்டு கழித்து அவனை விண்ணக மேனிலையில் கண்டதாகத் தம்பி உரைத்தார். 1840இல் நாவூ நகரில் இறந்தோருக்கான முழுக்கைக் கற்பித்தார். முதலில் அது மிசிசிப்பி ஆற்றிலேயே நடந்தது. கத்தோலிக்கமும் இதே துயரோடு நெடுங்காலம் போராடிற்று. திருமுழுக்கின்றி இறக்கும் பச்சிளங் குழந்தைகள் என்னாவர் என்பதற்கு இடைக்கால இறையியலார் லிம்போ என்னும் நிலையை வகுத்தனர். துன்பம் அற்றதாயினும் கடவுளைக் காணும் பேறும் அற்ற அந்நிலை எந்தத் தாய்க்கும் போதியதாய் இராது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு அக்குழந்தைகளின் மீட்பை நம்புவதற்குக் காரணங்கள் உண்டு என எழுதிற்று. மார்மன் சபையில் இவ்வினாவே எழாது. ஆதாமின் குற்றத்துக்கு மாந்தர் தண்டனை பெறார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை குற்றமற்றது. எட்டு வயதில்தான் முழுக்கு. குழந்தைக்கு முழுக்களிப்பதை மார்மன் நூல் கடுமையாகவே கண்டிக்கிறது.

இறந்தோர்க்கு முழுக்களிக்க அவர்தம் பெயர் வேண்டும். பெயர் வேண்டுமெனின் பதிவேடு வேண்டும். யூட்டாவில் 1894இல் தொடங்கப்பெற்ற மரபுவழி ஆய்வுக் கழகம் 1938 முதல் உலகெங்கும் பழம்பதிவுகளை நுண்படமாக்கி வந்தது. உலகில் இவ்வகைப் பதிவுகளை மிகுதியாகக் காத்து வைத்திருந்தோர் கத்தோலிக்கப் பங்குக்குருக்கள். திரெந்து சங்கம் 1563இல் அவர்களைப் பதிவேடு வைக்கப் பணித்திருந்தது. பல மறைமாவட்டங்கள் ஏடுகளைத் திறந்து கொடுத்தன. அதனால் வரலாற்றாசிரியர் பெற்ற நன்மை சிறிதன்று. 2008இல் வத்திக்கானின் குருக்கள் பேராயம் உலகின் ஆயர் பேரவைகளுக்கு மடல் எழுதி, அப்பதிவேடுகளை அக்கழகத்துக்கு அளிக்க வேண்டா எனக் கேட்டுக்கொண்டது. பெருங்கொலையில் மாண்ட யூதர்களின் பெயரால் முழுக்களித்ததற்கு எதிர்ப்பு எழுந்து, 1995இலேயே யூத அமைப்புகளோடு அச்சபை உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. இன்று தம் முன்னோரின் பெயரை மட்டுமே அளிக்குமாறு அது உறுப்பினரைப் பணிக்கிறது.

மறுக்கும் உரிமை ஆவிக்கு உண்டு என்பதால் இச்சடங்கில் வன்முறை இல்லை என மார்மன் சபையார் கூறுவர். அவர்தம் அன்பை ஐயுற வேண்டியதில்லை. முகமறியா முன்னோர்க்காகத் தம் நேரத்தையும் பொருளையும் இத்துணை செலவிடும் சமயக் கூட்டத்தைக் காண்பது அரிது. ஆனால் ஆவியின் மறுப்பு எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. சடங்கு நடந்தது மட்டும் பதிவாகிறது. கத்தோலிக்கரின் மனக்குறைக்கும் வேர் ஆழமானது. பழைய பங்கொன்றின் ஏட்டில் ஒரு வரி: பிறந்து சில நாளான பெண்குழந்தை, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், குருவின் கையொப்பம். அத்திருச்சபைக்கு அவ்வரி வெறும் செய்தியன்று. ஓர் ஆன்மாவின்மேல் அழியா முத்திரை பதிந்ததற்குச் சான்று. பதிந்ததை மீண்டும் பதிக்க இயலாது. முயல்வதே முதற்பதிவை மறுப்பதாகும். மார்மன் சபைக்கோ அதே வரி, குற்றமற்ற குழந்தையொன்றுக்கு உரிமையற்றார் செய்த சடங்கின் குறிப்பு. அக்குழந்தை வளர்ந்து மூத்து மறைந்தபின் இன்னும் அழைப்பைப் பெறாது காத்திருக்கும் ஒருத்தியின் முகவரி.

2008க்கு முன்னர் எடுக்கப்பெற்ற படச்சுருள்கள் உப்பு ஏரி நகரின் அருகே, கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த காப்பகத்தில் உள்ளன. அங்குள்ள இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சுருள்களை மின்வடிவாக்கும் பணி 2021இல் முடிவுற்றது. தம் பாட்டனின் பாட்டியைத் தேடும் கத்தோலிக்கர் பலரும் இன்று அவற்றைத்தான் புரட்டுகின்றனர்.